மூத்த ஆச்சாரியாரின் நூறு ரூபாய்

மேச்சேரி கிளை நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மாலை நேரத்தில் கூடுவார்கள். அண்மையில் ஒருநாள் அங்கே அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே தகராறு. 1920ஆம் ஆண்டு நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் யார் என்பது கேள்வி. "சேலத்துக்காரர்னு போட்டிருக்குக்கா, அப்ப ராஜாஜிதான்" என்றான் தம்பி. "இல்லடா, விஜயராகவாச்சாரியார்" என்றாள் அக்கா. "ரெண்டும் ஒரே ஆளுதானே? சேலம், வக்கீல், ஆச்சாரியார், பேருக்கு முன்னால சி.ன்னு எழுத்து" என்றான் அவன். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பி, "ஏங்க சார், நீங்களே சொல்லுங்க" என்றார்கள்.

அக்கா சொன்னதுதான் சரி என்று நின்ற வாக்கிலேயே சொல்லிவிட்டு வந்தேன். அது போதாது என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. அந்தப் பையனின் குழப்பம் அவன் ஒருவனுடையது அல்ல. சேலத்தில் விஜயராகவாச்சாரியார் பெயரில் நினைவு நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் இருக்கின்றன. அந்தப் பெயரைப் படித்தவர்கள் பலர். அந்த மனிதர் என்ன செய்தார் என்று கேட்டால், "சுதந்திரப் போராட்ட வீரர்" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. அவர் செய்ததில் ஒரு காரியம் மேச்சேரியைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் வரை இன்றும் பொருள் உள்ளது. அதை நிதானமாக விளக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பெயர்களையும் பிரித்துவிடுவோம். ராஜாஜி 1878இல் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தவர். 1900இல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். பிறகு சேலம் நகராட்சித் தலைவர், சென்னை மாகாணப் பிரதமர், கவர்னர் ஜெனரல், முதலமைச்சர் என்று வளர்ந்தார். ஆனால் அவர் ஒருபோதும் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்ததில்லை. விஜயராகவாச்சாரியார் அவருக்கு ஒரு தலைமுறை மூத்தவர். 1852 ஜூன் 18இல் செங்கல்பட்டு மாவட்டம் பொன்விளைந்தகளத்தூரில் வைதீகக் குடும்பத்தில் பிறந்தார். ராஜாஜி பிறப்பதற்குள் இவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றுவிட்டார். ராஜாஜி சேலத்துக்கு வக்கீலாக வந்தபோது, இவர் அந்த ஊரின் பெரிய மனிதராகி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்திருந்தன.

பொன்விளைந்தகளத்தூர்க்காரர் சேலத்துக்கு வந்தது வாத்தியார் வேலைக்கு. 1875இல் பட்டம் பெற்று மாநிலக் கல்லூரியிலேயே விரிவுரையாளரானார். மங்களூருக்கு மாற்றினார்கள், சில மாதங்களில் அந்த வேலையை உதறினார். அதன் பிறகு சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். சட்டத்தை எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படிக்கவில்லை. வீட்டிலேயே புத்தகம் வாங்கிப் படித்துத் தேர்வு எழுதி, 1881இல் சேலத்தில் பிளீடராகத் தொழில் தொடங்கினார்.

இந்த இடத்தில் அமெரிக்காவை நினைத்துக்கொள்வது உதவும். ஆபிரகாம் லிங்கனும் சட்டக் கல்லூரிக்குப் போனவர் அல்லர். இல்லினாய் மாநிலம் அப்போது குடியேற்றத்தின் எல்லைப்புறம். அங்கே கடன் வாங்கிய சட்டப் புத்தகங்களைத் தானே படித்து 1836இல் உரிமம் பெற்றார். நீதிபதியும் வக்கீல்களும் சேர்ந்து ஊர் ஊராகக் குதிரையில் போய், போன இடத்தில் கோர்ட்டு கூட்டி வழக்கு நடத்தினார்கள். பன்றி ஓடிப்போன வழக்கு, வேலி வழக்கு, கடன் வழக்கு, கொலை வழக்கு எல்லாம் அதே வக்கீல்களிடம்தான் வந்தன. வழக்கு நடந்த ஊரிலேயே மாலையில் அரசியல் பேச்சும் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வக்கீலே அரசியல்வாதியாக வளர்ந்தது இப்படித்தான்.

சேலமும் ஒருவகையில் எல்லைப்புறமே. 1792இல் சீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற பாராமகால் சீமை இது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே சந்தையில் புழங்கும் மண். கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, ரயத்வாரி முறையின் முதல் பாடங்களைக் கற்றது இங்கேதான். ஆனால் இல்லினாய்க்கும் சேலத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் விஜயராகவாச்சாரியாரின் வாழ்க்கை புரியாது. லிங்கனின் ஊர்களில் அரசாங்கம் மெலிந்திருந்தது. வக்கீல் போய்த்தான் சட்டம் என்ற ஒன்றை அங்கே நிலைநிறுத்த வேண்டியிருந்தது. சேலத்தில் அரசாங்கம் தடித்துக் கிடந்தது. மிட்டாதார்களிடம் இருந்த ஊர்கள் தவிர மற்ற ஊர்களில் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே யாரும் இல்லை. பட்டா சர்க்கார் பேரேட்டில் இருந்தது. ஆண்டுதோறும் ஜமாபந்தி நடந்தது. கிஸ்தி கட்டாவிட்டால் ஜப்தி வந்தது. வரி வசூலிக்கும் கலெக்டரே மாவட்ட மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். தாசில்தாருக்கும் மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. உங்கள் மீது குறை சொல்லுகிறவரும், விசாரிக்கிறவரும், தண்டிக்கிறவரும் ஒரே கச்சேரியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கச்சேரிக்கு வெளியே ஒரு குடியானவன் போய் நிற்கக்கூடிய ஒரே வாசல் சிவில் நீதிமன்றம். அங்கே அவனுக்காகப் பேச ஒரே ஆள் பிளீடர்.

அன்றைய மேச்சேரியை எண்ணிப் பாருங்கள். மேட்டூர் அணை இல்லை. அது 1934இல் கட்டி முடிந்தது. வானம் பார்த்த செம்மண் காடு, கேழ்வரகு, சோளம், ஆட்டுப் பட்டி. வழக்கு என்று வந்தால் மாட்டு வண்டி கட்டி ஓமலூர் வழியாகச் சேலம் போக வேண்டும். ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அதற்கு முன்னால்தான் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து போயிருந்தது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. விஜயராகவாச்சாரியார் வக்கீல் பலகை மாட்டிய ஆண்டும் அதே 1881தான். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மக்களை இழந்துவிட்டு, கிஸ்தி மட்டும் இழக்காத ஒரு மாவட்டத்தில் அவர் தொழில் தொடங்கினார்.

இனி 1882. அந்த ஆண்டு மே மாதம் வைஸ்ராய் ரிப்பன் உள்ளாட்சி பற்றிய புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். நகராட்சிகளையும் வாரியங்களையும் மக்களின் பிரதிநிதிகள் நடத்திப் பழக வேண்டும், நிர்வாகம் சற்றுக் குறைபட்டாலும் அந்தப் பழக்கம் முக்கியம் என்பது அதன் கருத்து. விஜயராகவாச்சாரியார் அப்போது சேலம் நகராட்சி உறுப்பினர். அதே ஆண்டில் சேலத்தில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. ஊர்வலப் பாதையில் கட்டப்பட்ட பள்ளிவாசல் பற்றிய தகராறு முற்றி, பள்ளிவாசல் இடிக்கப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பள்ளிவாசலை இடித்தது குற்றம். அங்கே துன்பப்பட்டவர்கள் நம் ஊர்க்காரர்கள். அந்தக் குற்றத்துக்கு யாரும் பெருமை கொண்டாட இடமில்லை. விஜயராகவாச்சாரியாரைச் "சேலம் வீரர்" என்று அக்காலத்தில் அழைத்தார்கள். அந்தப் பட்டத்தைக் கலவரத்தோடு முடிச்சுப்போட்டுப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. கலவரத்தைத் தூண்டினார் என்று அவர் மீது வழக்குப் போட்டார்கள். பத்தாண்டுச் சிறைத் தண்டனையும் விதித்தார்கள். அவர் போராடினார். குற்றச்சாட்டு நிற்கவில்லை. நிரபராதி என்று வெளியே வந்தார். அதோடு நிற்காமல், தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்களின் விடுதலைக்காக ரிப்பனிடம் முறையிட்டு அதையும் பெற்றார். பட்டம் இதற்காகக் கிடைத்தது.

தன் விடுதலைக்காகப் போராடாதவர் யார்? என் பார்வையில் அவருடைய உண்மையான சாதனை அதற்கு அடுத்து வந்தது. கலவர வழக்கை ஒட்டி அவரை நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து அரசாங்கம் நீக்கியிருந்தது. வழக்கிலிருந்து விடுபட்டதும், போன பதவி போகட்டும் என்று வேறு ஒருவர் இருந்திருப்பார். சம்பளம் இல்லாத பதவிதான் அது. இவர் அந்த நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்.

யார் மீது? கலெக்டர் மீது அல்ல, சென்னை கவர்னர் மீதும் அல்ல. லண்டனில் உட்கார்ந்திருந்த இந்தியாவுக்கான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் மீது. இது ஆத்திரத்தில் எடுத்த முடிவன்று. சட்டம் காட்டிய வழி. 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி வந்தபோது, கம்பெனி மீது எப்படி வழக்குப் போட முடிந்ததோ அப்படியே செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் மீதும் போடலாம் என்று அந்த ஆண்டுச் சட்டத்தின் 65ஆம் பிரிவு சொன்னது. கம்பெனி ஒரு வியாபார நிறுவனம். வியாபாரிக்குக் கோர்ட்டு உண்டு. அந்த வியாபாரி அரசாங்கமாக மாறிய பிறகும் கோர்ட்டு வாசல் மூடப்படவில்லை. விஜயராகவாச்சாரியார் அந்த வாசல் வழியாக உள்ளே போனார். தீர்ப்பு அவருக்கு நூறு ரூபாய் நஷ்ட ஈடு தந்தது. இந்திய சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசை, 7ஆம் தொகுதியில், "விஜய ராகவ எதிர் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்" என்ற தலைப்பில் 1884ஆம் ஆண்டு வழக்காக அது இருக்கிறது.

நூறு ரூபாய்தானா என்று அந்தப் பையனும் கேட்டிருப்பான். அக்காலத்துக்கு அது கைநிறையப் பணம்தான். என்றாலும் இந்த வழக்கின் மதிப்பைத் தொகையை வைத்து அளக்கக் கூடாது. 1857 கலகம் நடந்து முப்பதாண்டு ஆகவில்லை. காங்கிரஸ் இன்னும் பிறக்கவில்லை. சர்க்கார் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே அடங்கியிருந்த காலம். அப்போது ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து தொழிலுக்குப் புதிதான ஒரு பிளீடர், ஒரு நகராட்சி உறுப்பினரைக்கூடக் காரணமின்றித் தூக்கி எறிய அரசாங்கத்துக்கு உரிமை இல்லை என்று அரசாங்கத்தின் நீதிமன்றத்திலேயே காட்டினார். சாம்ராஜ்யத்தின் அமைச்சர் பிரதிவாதியாக நிறுத்தப்பட்டார், தோற்றார், பணம் கட்டினார். துப்பாக்கியும் ஊர்வலமும் இல்லாமல், ஒரு பிராதும் வாதமும் கொண்டே இது நடந்தது. 1882 மே மாதத்தில் உள்ளாட்சி தருகிறேன் என்று சொன்ன அதே அரசாங்கம், அடுத்த சில மாதங்களில் உள்ளாட்சி உறுப்பினரை விருப்பம்போல் நீக்கியது. இந்த முரணைக் கணக்கில் எழுதி ரசீது வாங்கியவர் அவர்.

அதன் பிறகு வந்த பெருமைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்கு, அதைத் தொடங்கிய ஏ.ஓ. ஹியூமின் நண்பராகப் போனார். 1887இல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது அதன் விதிகளை எழுதும் குழுவில் இருந்தார். 1895 முதல் ஆறு ஆண்டுகள் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினர். அந்தச் சட்டமன்றத்தை இன்றைய சட்டமன்றம் என்று எண்ணிவிடக் கூடாது. 1892 சட்டத்தின்படி நகராட்சிகளும் வாரியங்களும் பெயர் சொல்லும், அரசாங்கம் அவர்களை நியமிக்கும். உறுப்பினர் கேள்வி கேட்கலாம், துணைக் கேள்வி கேட்கக் கூடாது. வரவு செலவுத் திட்டம் பற்றிப் பேசலாம், வாக்களிக்கக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் ஆறு ஆண்டுகள் கேள்வி கேட்டபடி உட்கார்ந்திருக்கப் பொறுமை வேண்டும். கோர்ட்டுப் பழக்கம் அந்தப் பொறுமையைக் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். பின்னர் 1913 முதல் 1916 வரை இந்திய சட்டமன்றத்தில் இருந்தார். தென்னிந்தியச் சிங்கம் என்று பத்திரிகைகள் எழுதின.

நாக்பூர் பற்றித்தான் அந்த அக்கா தம்பிக்குத் தகராறு. அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1920 டிசம்பரில் அங்கே பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் திரண்டார்கள். காந்தியின் ஒத்துழையாமைத் தீர்மானம் அங்கேதான் உறுதியானது. நாலணாச் சந்தா, மொழிவாரி மாகாணக் கமிட்டிகள் என்று காங்கிரஸ் வெகுமக்கள் கட்சியாக மாறியதும் அங்கேதான். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சேலத்து முதியவருக்கு வயது அறுபத்தெட்டு. அவர் ஒத்துழையாமையை ஏற்கவில்லை. காந்தியோடு வாதிட்டார். கோர்ட்டைப் பகிஷ்கரியுங்கள் என்ற அழைப்பு அவர் நெஞ்சுக்கு ஒப்பவில்லை.

இதைக் கோழைத்தனம் என்றோ பழமை என்றோ தள்ளிவிடுவது எளிது. பாடப் புத்தகங்கள் அவரைச் சுருக்கமாக முடித்துவிடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். பத்தாண்டுத் தண்டனையிலிருந்து அவரைக் காப்பாற்றியது நீதிமன்றம். சாம்ராஜ்யத்தை நூறு ரூபாய் கட்ட வைத்ததும் நீதிமன்றம். எதிரியின் கையிலிருந்து பறித்த ஒரே ஆயுதத்தைக் கீழே போடு என்றால் எப்படி மனம் வரும்? அதே நேரம் காந்தியின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நாற்பது ஆண்டுகள் வாதாடியும் சர்க்கார் அசையவில்லை. முந்தைய ஆண்டில்தான் ஜாலியன்வாலா பாக் நடந்திருந்தது. கோர்ட்டு வாசல் எத்தனை பேருக்குத் திறக்கும்? மேச்சேரியில் வண்டி கட்டப் பணமில்லாதவனுக்கு அது திறக்கவில்லை. சேலத்திலேயே இரண்டு வழிகளும் ஒரே தெருவில் நின்றன. இளைய ஆச்சாரியாரான ராஜாஜி கோர்ட்டை விட்டு வெளியேறிக் காந்தியோடு போனார். மூத்தவர் தன் நம்பிக்கையோடு நின்றார். வெகுமக்களைத் திரட்டும் வழி வென்றது. வென்றது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வென்ற பிறகு நாம் எழுதிக்கொண்ட அரசியல் சாசனம், மூத்தவர் பிடித்திருந்த கயிற்றைத்தான் கையில் எடுத்தது.

அவரை முழு மனிதராகப் பார்ப்பதற்கு வேறு சிலவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1931இல் அகோலாவில் இந்து மகாசபைக்குத் தலைமை வகித்தார். இது பிடிக்காதவர்கள் உண்டு. எனக்கும் அதில் உடன்பாடில்லை. அதே மனிதர் பெண்களுக்குச் சொத்தில் பங்கு வேண்டும், பருவம் வந்த பிறகே திருமணம் செய்ய வேண்டும் என்று பேசினார். தீண்டாமைக்கு எதிரான அமைப்பில் சுவாமி சிரத்தானந்தருடன் பணியாற்றினார். வைதீகக் குடும்பத்தில் பிறந்தவர் அன்றைக்கு இவற்றைச் சொல்லிவிட்டு அக்கிரகாரத்தில் நிம்மதியாக வாழ்ந்திருக்க முடியாது. 1944 ஏப்ரல் 19இல் காலமானார். சுதந்திரத்தைப் பார்க்கவில்லை.

மேச்சேரி வரை வரும் பொருள் இது. வரி வாங்குகிறவரே நீதி வழங்கக் கூடாது என்று காங்கிரஸ் தொடக்க காலத்திலிருந்தே தீர்மானம் போட்டு வந்தது. சாசனத்தின் 50ஆம் பிரிவு அதை அரசின் கடமையாக்கியது. 1858 சட்டத்தின் 65ஆம் பிரிவு வழியாக அரசாங்கத்தின் மீது வழக்குப் போடும் உரிமை, இன்று சாசனத்தின் 300ஆம் பிரிவாக இருக்கிறது. இன்று நம் ஊர்க்காரர் ஒருவர் நிலத் தகராறில் அரசாங்கத்தை எதிர்வாதியாக்கி, "தமிழ்நாடு அரசு, மாவட்ட ஆட்சியர் வழியாக" என்று பிராதில் எழுதும்போது, அந்த வரியின் கொள்ளுப்பாட்டன் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்தான்.

உள்ளாட்சிப் பதவி நீக்கமும் அப்படியே. நம்மைச் சுற்றியுள்ள ஏதோ ஓர் ஊராட்சித் தலைவர் மீது புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்சியர் ஒரு கையெழுத்தில் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு அதற்கு வழி வகுத்திருக்கிறது. முதலில் குற்றச்சாட்டை எழுதி நோட்டீஸ் தர வேண்டும். அவர் விளக்கம் சொல்ல அவகாசம் தர வேண்டும். அந்த விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்றால் தாசில்தார் ஊராட்சி உறுப்பினர்களைக் கூட்டி அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முடிவு. இந்தப் படிகளில் ஒன்று தவறினாலும் உயர் நீதிமன்றம் போகலாம். பட்டியலினத்தவரும் பெண்களும் தலைவர்களாக வந்திருக்கும் ஊர்களில் இந்தப் படிகள் எவ்வளவு அவசியம் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நல்ல தலைவரைக் காப்பாற்றவும் இந்தப் பிரிவு வேண்டும். கெட்ட தலைவரை முறையாக நீக்கவும் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவரை மேலிருப்பவர் விருப்பம்போல் நீக்க முடியாது என்ற எண்ணத்துக்காகச் சேலம் நகராட்சி உறுப்பினர் ஒருவர் 1880களிலேயே கோர்ட்டுப் படி ஏறினார்.

அந்தத் தம்பியின் கேள்விக்கு ஒரு மதிப்பெண் பதில் விஜயராகவாச்சாரியார் என்பதுதான். அதோடு அவன் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஒரு வேண்டுகோள். சேலம் மாவட்ட வக்கீல்கள் சங்கங்கள் அந்த 1884 தீர்ப்பை எளிய தமிழில் பெயர்த்து, முன்னும் பின்னும் சிறு விளக்கம் சேர்த்து, சின்னப் புத்தகமாகப் போட வேண்டும். மாவட்டத்தின் ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போக வேண்டும். மேச்சேரிக்கு வரும் பிரதியை அந்த அக்காவின் கையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.